ஒன்பதாவது சிப்

பாசிர் ரிஸ்ஸில் ஒரு வீட்டு வாசலில் நின்று, கிதாரும் டாம்பரினும் அதிர, முழுப் பாட்டையும் பாடி முடித்தோம். கடைசி வரியை இரண்டு முறை இழுத்தோம். கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரம். ஒரு பாய். அவருக்குப் பின்னால் சுவரில் மக்கா படம்.

நாங்கள் தேடி வந்த வீடே அது இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நடந்தது இது. இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும், டிசம்பர் வந்தால் நான் வீட்டில் தங்க மாட்டேன். எங்கள் பங்குக் கோவிலின் தமிழ்ப் பாடற்குழு வீடு வீடாகப் போய்ப் பாடும். இதில் ஒரு வழக்கம் உண்டு. மணி அடிக்கக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது. சத்தமில்லாமல் வாசலுக்குப் போய், எடுத்த எடுப்பிலேயே முழுத் தொண்டையில் ஆரம்பிக்க வேண்டும். பாட்டைக் கேட்டுத்தான் வீட்டுக்காரர்கள் எழுந்து வர வேண்டும். ஆகவே தப்பான வீட்டுக்குப் போனால்... தப்பு தெரிவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

எங்கள் கோவில் இருக்கும் தேக்காவைச் சுற்றி எல்லோரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தவரை இந்தத் தொல்லையே கிடையாது. இப்போது? ஒரு குடும்பம் பாசிர் ரிஸ், ஒரு குடும்பம் சுவா சூ காங், மற்றவர்கள் தீவு முழுக்க. இருப்பதோ ஒரே லாரி. எந்த நாள் எந்தப் பக்கம் போவது என்று வழி போடுவதற்குள் எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை வந்துவிடும்.

போன வருஷம் அந்தச் சண்டையில் விட்டுப்போனவள்தான் ரெஜினா.

ரெஜினா என் பக்கத்தில் நின்று பாடியவள். நல்ல குரல். அதைவிட நல்ல காது. ஒத்திகையில் யார் சுருதி விட்டாலும் அந்த இடத்திலேயே நிறுத்தி, எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவாள். பாடற்குழு மாஸ்டர் முகம் சிவக்கும். எனக்கும் பல நாள் அவள் வாயில் பிளாஸ்டர் ஒட்டலாமா என்று தோன்றியிருக்கிறது. பிறகு அவள் கணவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளோடு சுவா சூ காங்கிற்கு வீடு மாறினாள். பாட வருவதை நிறுத்தினாள். ஒத்திகைகள் அமைதியாக, சீக்கிரமாக முடிந்தன. உண்மையைச் சொன்னால், பலருக்கு நிம்மதி.

அந்த டிசம்பரில் லாரி அவள் பக்கம் போகவே இல்லை. நேரம் போதவில்லை என்று விட்டுவிட்டோம்.

இந்த நவம்பரில் பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தேக்காவுல இருந்தப்ப வருஷா வருஷம் வந்தீங்க. போன வருஷம் பிள்ளைங்க ஸ்டார் கட்டிட்டு, தூங்காம உக்காந்திருந்துச்சுங்க. இந்த வருஷமும் வரலைன்னா, இது என் கோவில் இல்லைன்னு நெனச்சுக்கிறேன் ஸ்டெல்லா. பக்கத்துலயே இங்கிலீஷ் கோவில் ஒண்ணு இருக்கு."

கட்டாயம் வருகிறோம் என்று கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். வீட்டுக்கு வந்து புலம்பினேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஜோசப் வாயைத் திறந்தார்.

"வழிதானே? கம்ப்யூட்டர் போட்டுக் குடுக்கும்."

ஜோசப் கப்பல் பட்டறையில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். நாள் முழுக்க ஒயரோடு மல்லாடுவது போதாது என்று, ரோச்சோர் பக்கத்துக் கடைகளில் ஒவ்வொரு சாமானாக வாங்கி, எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி முடித்தவர். அதற்கு மூடி கிடையாது. குடலும் ஈரலும் வெளியே தெரியும். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுகிறோம்.

புரோகிராம் எழுதினார். குடும்பங்கள் போன் செய்ய, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு விலாசத்தை நேராகக் கம்ப்யூட்டரிலேயே தட்டினார். இனிமேல் காகிதமே வேண்டாமாம். ரெஜினா வீட்டில் போன் இல்லை. "போன் வெச்சா யாரு கூப்பிடப் போறா?" என்பாள். அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு விலாசம் சொன்னாள்.

கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க முனகி, காலையில் வழி சொல்லும். அரை மணி நேரத்தில் ஒருவர் கூப்பிடுவார். "புதன்கிழமை முடியாதுலா, வியாழன் வாங்க." மறுபடி முதலிலிருந்து.

என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. அதன் வேகத்தைக் கூட்டப் போகிறேன் என்றார்.

கம்ப்யூட்டருக்கு உள்ளே தாளம் போட ஒன்று இருக்கிறதாம். விரல் நகம் அளவு தகர டப்பி. கிறிஸ்டல் என்கிறார்கள். அது போடும் தாளத்துக்குத்தான் மற்ற எல்லாம் ஆடும். இவர் அதைக் கழற்றிவிட்டு, வேகமாகத் தாளம் போடும் வேறொன்றை வைத்தார். அடடா, என்ன ஓட்டம்! ராத்திரி முழுக்க ஓடியது பாதி ராத்திரியில் முடிந்தது. அன்றைக்கு இவர் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் திரை அப்படியே நின்றுவிட்டது. நினைவில் பிழை என்று ஒரு வரி. அதற்கு மேல் அசையவில்லை.

இவர் எனக்கு விளக்கினார். நீங்களும் கேளுங்கள், ஒன்றும் கஷ்டமில்லை. கம்ப்யூட்டரின் ஞாபகமெல்லாம் வரிசையாகக் குத்தி வைத்த கறுப்புச் சிப்களில் இருக்கிறது. ஒரு வரிசைக்கு ஒன்பது. அதில் எட்டுதான் வேலை செய்யும். ஒன்பதாவது? அது சும்மா நின்று, மற்ற எட்டும் சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்று பிசகினாலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

இவர் செய்யாத வைத்தியம் இல்லை. எல்லாச் சிப்பையும் கட்டை விரலால் அழுத்தினார். பிடுங்கி, கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். இந்த வரிசையில் இருந்ததை அந்த வரிசைக்கு மாற்றினார். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டார், நாங்கள் வியர்வையில் குளித்தோம். ஐஸ்பெட்டியால்தான் கரண்ட் குதிக்கிறது என்று ஐஸ்பெட்டி மேல் பழி போட்டார். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு பழையபடி நின்றுவிடும்.

கடைசியில் ஒரு நாள் புன்னகையோடு எழுந்தார். போர்டில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறதாம். அதைத் தள்ளிவிட்டால் ஒன்பதாவது சிப் சொல்வதை யாரும் கேட்க வேண்டியதில்லை.

"அது ஒண்ணுதான் சும்மா சும்மா கத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப நிம்மதி" என்றார்.

உண்மைதான். அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. சொன்னபடி வழி போட்டது, அழகாக அச்சடித்தும் கொடுத்தது. சில பெயர்களில் எழுத்து மாறியிருந்தது. இவர் ஸ்பெல்லிங் எனக்குத் தெரியாதா என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தத் தாளோடுதான் பாசிர் ரிஸ்ஸில் நின்றோம்.

பாய்க்குக் கோபமே வரவில்லை. அவர் மனைவியும் மகள்களும் ஓடி வந்து, ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார்கள். உள்ளே கூப்பிட்டு, அத்தனை பேருக்கும் ரோஸ் சிரப்பும் பாலுமாகப் பண்டோங் கலக்கிக் கொடுத்தார்கள். சிராங்கூன் ரோட்டில் அவர்களுக்குத் துணிக்கடையாம். எங்கள் கோவில் மணியைக் கேட்டுத்தான் கடை திறப்பாராம். அவர் போனிலிருந்தே நாங்கள் தேடிய குடும்பத்தைக் கூப்பிட்டோம். அவர்கள் பிளாக் 167. எங்கள் தாளில் 163.

போனில் தப்பாகச் சொல்லியிருப்பார்கள் என்றார் என் வீட்டுக்காரர். மறுநாள் புக்கிட் பாத்தோக்கில், தாளில் இருந்தது இரண்டாவது மாடி, வீடு இருந்தது ஆறாவது மாடி. அங்கே பொதுத் தொலைபேசி காப்பாற்றியது. இவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்றைக்கு அடுத்து, கடைசியாக, சுவா சூ காங்.

பிளாக்கைக் கண்டுபிடித்தோம். இறங்கினோம். என் வீட்டுக்காரர் டார்ச் அடித்துத் தாளைப் பார்த்தார். முதல் மாடி என்று போட்டிருந்தது.

நம் ஊர் பிளாக்கில் முதல் மாடி என்றால் என்ன? வாய்ட் டெக், வீடே இல்லாத வெறும் தரைத்தளம். தூண்கள், சைக்கிள்கள், கல் மேசை, ஒரு பூனை. இங்கே யார் குடியிருக்கிறார்கள், யார் வாசலில் பாட?

எங்கள் கூட்டம் களைத்துப்போயிருந்தது. குழந்தைகள் லாரியிலேயே தூங்கிவிட்டார்கள். மேலே இத்தனை மாடி, மாடிக்கு மாடி நீளக் காரிடார், எங்கே போய்த் தேடுவது? அவளுக்குப் போனும் இல்லை. மாஸ்டர் மெதுவாகச் சொன்னார், அடுத்த ஞாயிறு கோவிலில் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவள் எந்தக் கோவிலில் இருப்பாளோ? நான் நகர மாட்டேன், ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன், நீங்கள் போங்கள் என்றேன்.

தூணில் சாய்ந்து நின்ற என் வீட்டுக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஏழு மூன்றானது. ஆறு இரண்டானது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"நாலு குறையுது" என்றார். "தப்பு வந்த இடத்துல எல்லாம் சரியா நாலு குறையுது. நாலை ஞாபகம் வெச்சுக்க வேண்டிய ஒரே ஒரு சிப்புதான் வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம கோட்டை விட்டிருக்கு. நான் அந்த ஒன்பதாவதோட வாயை அடைச்சுட்டேன். அது கத்தினது நியாயம்தான் ஸ்டெல்லா... அஞ்சாவது மாடி. வா."

லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, ஐந்தாவதிலும் நிற்காது. நான்காவதில் இறங்கிப் படியேறினோம். எத்தனையாவது கதவு என்று தாளை நம்பவில்லை. நம்ப வேண்டியும் இருக்கவில்லை. காரிடார் கடைசியில், ஒரு கதவுக்கு மேலே, சிவப்புத் தாளில் செய்த ஸ்டார் ஒன்று, உள்ளே பல்ப் எரிய, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

சத்தமில்லாமல் போய் நின்றோம். முழுத் தொண்டையில் ஆரம்பித்தோம்.

கதவு உடனே திறக்கவில்லை. ஒரு சரணம் போனது. இரண்டாவது சரணமும் போனது. பிறகு திறந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் நல்ல உடுப்போடு நின்றார்கள். பின்னால் ரெஜினா. புதுப் புடவை. கண்ணெல்லாம் ஈரம். பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றாள். முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாவது வரியில நீங்க எல்லாருமே சுருதி இறங்கிட்டீங்க. ஒருத்தரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? சொல்லக்கூடிய ஒரே ஆளைத்தான் நாங்கள் சுவா சூ காங்கில் விட்டுவிட்டோமே. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். மாஸ்டர், பாவம், மரியாதையாக மறுபடி ஒருமுறை சுருதி கொடுத்தார். அவள் வாசற்படியிலேயே நின்று எங்களோடு பாடினாள். அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் திறந்துகொண்டன.

மறுநாள் என் வீட்டுக்காரர் அந்தச் சிப்பைத் தேடிக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஒரு எண் இருக்கிறது, எண் சிறியதாக இருந்தால் சுறுசுறுப்பாம். வரிசையில் எல்லாம் 15, இது ஒன்று மட்டும் 20. வாங்கும்போது கலந்து வந்திருக்கிறது. அது கெட்ட சிப் இல்லை என்றார். பழைய தாளத்துக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்ததாம். உடம்பு சூடேறும்போது மட்டும் மறந்துவிடுகிறதாம். எனக்கும் அப்படித்தான்.

வேகக் கிறிஸ்டலைக் கழற்றிவிட்டார். பழையதையே வைத்தார். குட்டி சுவிட்சையும் திருப்பித் தள்ளினார். ராத்திரி முழுக்க ஓடினால் ஓடட்டும்.

யோசித்துப் பார்க்கிறேன். நம்மிடம் குறை சொல்ல ஒருவர் மெனக்கெடுகிறார் என்றால், நம்மை இன்னும் விட்டுவிடவில்லை என்றுதானே அர்த்தம்? அலுவலகத்தில், வீட்டில், கோவிலில்... நிம்மதி, நிம்மதி என்று எத்தனை பேர் வாயை அடைக்கிறோம். ரெஜினா நவம்பரில் பேசாமல் இங்கிலீஷ் கோவிலுக்கே போயிருக்கலாம். அந்தத் தப்பு விலாசம் எங்களைப் பாய் வீட்டுக்குக் கொண்டுபோனதற்கும் நன்றி, வரும் பெருநாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பெரிய நன்றி, கோவில் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டவளுக்குத்தான்.

ரெஜினா இப்போது இரண்டு பஸ் மாறி ஒத்திகைக்கு வருகிறாள். ஒத்திகை முடிய முன்னைவிட ஒரு மணி நேரம் அதிகம் ஆகிறது. மாஸ்டர் முகம் மறுபடி சிவக்க ஆரம்பித்திருக்கிறது.

இன்றைக்கும் ஒத்திகை உண்டு. போய்த் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.