படகின் அடியில் மறந்த சாரத்துண்டு

போன வருடம் சித்திரை மாதம். திருகோணமலைக்குக் கிழக்கே, கரை மங்கலாகத் தெரியும் தூரம். அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். ஒருவர் மலேசியாவில் இருந்து பாய்ப்படகில் வந்த தமிழர், வயது அறுபத்தாறு. அடுத்தது அவருடைய மனைவி. அவரை ஐயா என்றும் மனைவியை அக்கா என்றும்தான் நான் கூப்பிடுவேன். மூன்றாவது என் மனைவியின் தம்பி. எங்கள் மீன்பிடிப் படகின் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இருந்தான். நான்காவது நான். பிழை விட்டதும் நான்.

நான் சுழியோடி. வீடு பக்கத்தில் சல்லிக் கிராமத்தில். கடலட்டைக்கு மூழ்குவேன். அது இல்லாத நாட்களில் உள்துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் அடியைச் சுரண்டிக் கொடுப்பேன். படகு தண்ணீரில் கிடக்கக் கிடக்க அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்கும். விட்டால் படகு ஓடாது.

அந்த இருவரும் ஏழு வருடமாகப் படகிலேயே குடியிருந்தவர்கள். அவர் ஊரில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டை விற்று இதை வாங்கியிருக்கிறார். சீசெல்ஸ், மாலைதீவு எல்லாம் சுற்றிவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில் இங்கே வந்தார்கள். இங்கே நிற்கும்போதுதான் அவருக்கு நோய் என்று தெரிந்தது. ஈரலில். டாக்டர் மாதக் கணக்கில்தான் சொன்னாராம். வருடக் கணக்கில் இல்லை.

நான் ஒருநாள் கேட்டேன்.

“ஐயா, பிளேனில போனா நாலு மணித்தியாலமாமே. பிறகேன் இந்தக் கஷ்டம்?”

“நான் பிளேன்ல போயிட்டா இந்தப் படகை யாரு தம்பி கொண்டு வருவா? இவளால தனியா ஓட்ட முடியாது. எனக்குப் பிறகு அவ படுக்க இத விட்டா வேற இடம் இல்ல.”



புறப்படுவதற்கு முதல் நாள் சுரண்டக் கூப்பிட்டார்கள். எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரை உள்ளே எடுக்கும் ஓட்டை ஒன்று அடியில் இருக்கும். சுரண்டும்போது சிப்பித் துண்டுகள் அதற்குள் போனால் குழாய் அடைக்கும். அதனால் ஓட்டையில் துணியைச் செருகிவிட்டுத்தான் தொடங்குவோம். இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றை இரண்டாகக் கிழித்துக் கொண்டு போயிருந்தேன். ஒரு துண்டு செருக. மற்றது கையில் சுற்ற. செருகும் துணியில் நீளமாக ஒரு வால் தொங்க வேண்டும். அப்போதுதான் மறக்காது. அன்று அந்த வால் கையில் தட்டிக்கொண்டே இருந்தது. அதையும் உள்ளே தள்ளிவிட்டேன்.

பாதி வேலையில் மேலே இருந்து அக்கா தட்டிக் கூப்பிட்டார். ஐயா சமைக்கும் குசினிக்கு இறங்கும் படியில் விழுந்து கிடந்தார். தூக்கிப் படுக்க வைத்தேன். பாரமே இல்லை. பிறகு இறங்கி மற்றப் பக்கத்தைச் சுரண்டி முடித்தேன். துணியை மறந்தேன்.

ஏறியதும் அக்கா, “எல்லாம் சரியா?” என்று கேட்டார். “ஓம்” என்றேன். கூலி தரும்போது இன்னொரு தரம் கேட்டார். அப்போதும் ஓம் என்றேன்.

அடுத்த நாள் காலை நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தேன். மனைவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு இருந்தாள்.

“இஞ்சேருங்கோ, சாரத்தில ரெண்டு துண்டெல்லோ கொண்டு போனனீங்கள். ஒண்டுதான் கிடக்கு. மற்றது எங்க?”

கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். அக்காவின் போனுக்கு மூன்று தரம் எடுத்தேன், தொடர்பு இல்லை. விடியற்காலைக் கரைக்காற்றில் பாய் விரித்தே வெளிக்கிடுவோம், டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்தார். அப்படியென்றால் எஞ்சினை இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள்.

சித்திரையில் அந்தக் கடலில் காற்று நாள்கணக்கில் செத்துக் கிடக்கும். அப்போது எஞ்சின்தான் கால். போட்டால் தண்ணீர் வராது, சூடாகும், எரிந்துபோகும். முன்கூட்டியே கண்டுபிடித்து நிற்பாட்டினாலும் யார் இறங்கி எடுப்பது? நிற்கவே முடியாத ஆளா? நீச்சல் தெரியாத அக்காவா?

மச்சானிடம் ஓடினேன். வலையைப் படகில் இருந்து இறக்கிக்கொண்டு இருந்தான். சொன்னேன்.

“உனக்கு இன்னும் பாஸ்போட்டே இல்ல மச்சான். உன்ர சாரம் மலேசியாவுக்கு வெளிக்கிட்டுட்டுது.”

நான் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கினான்.

கிழக்கே ஓடினோம். பின்னால் கரையில் கோணேசர் மலை சிறுத்துக்கொண்டு போனது. பாய் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் பாதி முடிந்தால் திரும்ப வேண்டும். அது கடல் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். மச்சான் கானைத் தூக்கிப் பார்த்தான்.

“அரைவாசி முடிஞ்சுது.”

“கொஞ்சம் போ.”

“திரும்பி வர ஏலாது மச்சான். எனக்கு ரெண்டு பிள்ளையள்.”

நான் கிழக்கையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.   ஆனால் அவன் படகைத் திருப்பவில்லை. அவனை அதுவரை நான் ஒரு விளையாட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னும் அரை மணித்தியாலம் போயிருக்கும். தென்கிழக்கே வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

கிட்டப் போனோம். அக்கா சுக்கானில் நின்றார். ஐயா பின்பக்கம் மெத்தை போட்டுச் சாய்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் அக்கா பயந்துவிட்டார். நான் படகில் ஏறி நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“ரெண்டு தடவை கேட்டேனே. ரெண்டு தடவையும் ஓம்னு சொன்னீங்க. பாத்தீங்களா, இல்ல சும்மா வாயால சொன்னீங்களா?”

“சும்மா சொன்னனான் அக்கா.”

“இவர நம்பி நான் வரல. அந்த எஞ்சின நம்பித்தான் வரேன். தெரியுமா உங்களுக்கு?”

 ஐயாதான் தன் மலேசிய ‘லா’வோடு கையைக் காட்டினார்.

“விடு லா. அதான் வந்துட்டாருல்ல. பாய இறக்கு.”

பாயை இறக்கியதும் படகு ஆடத் தொடங்கியது. துறைமுகத்துக்குள் அடியில் வேலை செய்வது வேறு. திறந்த கடலில் படகு அலையோடு ஏறி அப்படியே இறங்கும். தலைக்கு மேல் வந்து விழும். இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை அக்காவின் கையில் கொடுத்தேன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லை.

முதல் தரம் ஓட்டையையே பிடிக்க முடியவில்லை. இரண்டாம் தரம் விரல் பட்டது. துணி ஊறி இறுகிக் கிடந்தது. படகு தோளில் இடித்தது. மேலே வந்து மூச்சு வாங்கினேன். அக்கா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் தரம் கத்தி முனையால் நெம்பி இழுத்தேன். வந்தது.

துணியை மேலே போட்டேன். ஐயா அதை எடுத்து விரித்துப் பார்த்தார். கிழிந்து ஓட்டைக்குள் ஒன்றும் மிச்சம் இல்லையே என்றுதான் பார்த்தார். பிறகு எஞ்சினைப் போடச் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் படகின் பின்புறக் குழாயைப் பார்த்தோம். கொஞ்ச நேரம் புகை மட்டும் வந்தது. பிறகு தண்ணீர் விட்டு விட்டுத் துப்பியது. பிறகு நிற்காமல் வந்தது. அக்கா அப்படியே பலகையில் குந்திவிட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். ஐயா என் இடிபட்ட தோளைத் தொட்டுப் பார்த்தார். “தைலம் தேய்ச்சுக்குங்க,” என்றார்.  அவர்கள் கிழக்கே போனார்கள். நாங்கள் திரும்பினோம். கரைக்குக் கிட்ட வந்தபோது எண்ணெய் முடிந்து எங்கள் எஞ்சின் நின்றது. திரியாய் ஊர்ப் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது.

அதற்குப் பிறகு யார் “எல்லாம் சரியா?” என்று கேட்டாலும் நான் உடனே பதில் சொல்வதில்லை. இன்னொரு தரம் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். பிழையை ஒத்துக்கொண்டது பெரிய காரியம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனைவி அன்று உடுப்புத் தோய்க்காவிட்டால் நான் கடலட்டைக்குப் போயிருப்பேன்.

ஆவணி மாதம் அக்காவிடம் இருந்து போனில் குரல் செய்தி வந்தது. மூன்றாம் நாள் காற்று விழுந்துவிட்டதாம். இரவு பகலாக எஞ்சினில்தான் போனார்களாம். ஊர் ஆற்று முகத்தில் படகைக் கட்டியதும் ஐயா யாரும் பிடிக்காமல் தானே கரையில் இறங்கினாராம். படகை அக்காவின் பெயருக்கு மாற்றி எழுதினாராம். அக்கா இப்போது அதில்தான் இருக்கிறாராம்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஐயா உயிரோடு இருந்த நாட்களையும் அக்கா எண்ணிச் சொன்னார்.

பத்தொன்பது.