டிம்பிரி டக்கா என்றால் என்ன?

போன மாதம். குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறேன்... போன். நண்பன் சுப்பையா. மறுநாள் தென்காசியில் அவன் மகள் செல்விக்குக் கல்யாணம்.

“லே, எங்கன இருக்க? உடனே மண்டபத்துக்கு வா. கல்யாணம் நின்னுரும் போல இருக்கு.”

“என்னலே ஆச்சு?”

“டிம்பிரி டக்கான்னா என்னலே அர்த்தம்?”

நீங்களும் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். தப்பித்திருக்க முடியாது. எண்ணெய் தேய்த்துவிடும் இடம், கார் பார்க்கிங், பஜ்ஜிக் கடை என்று குற்றாலத்தில் சீசன் முழுக்க அதுதான் ஓடியது. ‘நான்தான் டிம்பிரி டக்கா’ என்று ஹீரோ மேஜை மேல் ஏறி ஆடுவார். நாமும் தலையை ஆட்டினோம். அப்படியென்றால் என்ன என்று யாராவது கேட்டோமா?

கேட்டவர் ஒருவர் உண்டு. செல்வியின் தாய்மாமா, ரிட்டயர்ட் எஸ்.ஐ. பேச்சிமுத்து.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஃப்ளெக்ஸ் வைத்தே ஆக வேண்டும். கூலிங்கிளாஸ் போட்ட மாப்பிள்ளை நடுவில். சுற்றிலும் தபால்தலை சைஸில் நண்பர்கள். கூடவே அந்த வருஷம் ஹிட்டான பாட்டிலிருந்து ஒரு பட்டம். இந்த மாப்பிள்ளை கார்த்திக்குக்கு ஆலங்குளத்தில் உரக்கடை. சாதுவான பையன். அவன் நண்பர்கள் மண்டப வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் இருந்தது இது: ‘கார்த்திக் என்கிற டிம்பிரி டக்கா’.

அந்த ‘என்கிற’தான் வினை.

சர்வீஸ் முழுக்க பேச்சிமுத்து அண்ணாச்சி ‘என்கிற’ போட்டு எழுதியதெல்லாம் ரவுடிகளின் பெயரைத்தான். ஒருத்தனுக்குப் பட்டப்பெயர் இருந்தால் ஸ்டேஷனில் ஹிஸ்டரி ஷீட் இருக்கும் என்பது அவர் கணக்கு. ஃப்ளெக்ஸைப் பார்த்தவர் அங்கேயே நின்று, தெரிந்த ஸ்டேஷனுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்திருக்கிறார். எங்கும் கேஸ் இல்லை. அதில்தான் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

நான் போனபோது அண்ணாச்சி சேரை இழுத்து ஃப்ளெக்ஸுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார். காவலுக்கு உட்கார்ந்த மாதிரி.

“அர்த்தம் தெரியாம நான் மணவறைக்கு வர மாட்டேன். என் தங்கச்சி மவளுக்கு நான் மாலை எடுத்துக் குடுக்கணுமா, வேண்டாமா... அத நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க.”

தாய்மாமா மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் ஊரில் எந்தக் கல்யாணம் நடக்கும்? சுப்பையா என்னை ஓரமாக இழுத்துப்போய், “எப்படியாவது கண்டுபிடிலே” என்றான். எனக்குப் பாவமாக இருந்தது.

நண்பர்களைக் கூப்பிட்டு விசாரித்தேன். “சும்மா கெத்தா இருக்கும்னு போட்டோம் சார்” என்றார்கள். வேறொன்றும் தெரியவில்லை.

ஆனால் மண்டபத்தில் மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது! பட்டாளத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா அது இந்தி என்றார். பாசறையில் சரக்கு லாரி வந்தால் அப்படித்தான் கத்துவார்களாம். கத்தாரில் டிரைவராக இருந்த காதர் பாய், “அரபு வார்த்தைல்லா? வேலை முடிஞ்சிட்டுன்னு அர்த்தம்” என்றார். பந்திக்குச் சமைக்க வந்திருந்த செங்கோட்டை சமையல்காரர் மலையாளம் என்று சத்தியம் பண்ணினார். அவரவர் எங்கே போய் உழைத்தாரோ, சொல்லும் அங்கேதான் பிறந்திருக்கிறது.

சென்னையில் பாட்டுப் பதிவு ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் நண்பருக்குப் போன் போட்டேன். சிரித்தார்.

“மெட்டு போடுறப்போ வாய்க்கு வந்ததைப் பாடி வெப்பாங்க சார். டம்மி வார்த்தை. பாட்டு எழுதுறவர் அப்புறம் வேற போடுவார். இதுல ‘அப்புறம் பார்த்துக்கலாம்’னாங்க. அதுக்குள்ள படம் ரிலீஸ் ஆயிடுச்சு.”

ஆக, அர்த்தம் கிடையாது. வேலை முடிந்ததா? எங்கே...

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். “வே எழுத்தாளரே, அர்த்தம் இல்லன்னு மட்டும் சொல்லிராதேயும். அர்த்தம் இல்லாம எவனும் பட்டப்பேரு வைக்க மாட்டான். என் சர்வீஸ்ல பாத்ததில்ல.”

சுப்பையா என் முகத்தைப் பார்த்தான். உள்ளறை வாசலில் செல்வி. கையில் மருதாணி. அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“அண்ணாச்சி, டக்கான்னா ஒரு தோல் வாத்தியம். அந்தக் காலத்துல அதை அடிச்சுத்தான் ஊருக்குச் சேதி சொல்லுவாங்க. டிம்பிரின்னா ஓங்கி அடிக்கிற அடி. அப்படி அடிச்சுச் சொன்னா சொன்னதுதான், பேச்சு மாறாது. அதான் டிம்பிரி டக்கான்னா... சொன்ன சொல் தவறாதவன்.”

டக்கா ஒரு தோல் வாத்தியம் என்பது உண்மை. மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு.

அண்ணாச்சி ஃப்ளெக்ஸை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தார். எழுந்தார். சேரை அவரே தூக்கி ஓரமாகப் போட்டார்.

“அப்ப சரி. நல்ல பேருதான்.”

மறுநாள் மாலையும் எடுத்துக் கொடுத்தார். அதோடு விட்டாரா? மைக்கை வாங்கி, “நம்ம மாப்பிள்ளை ஒரு டிம்பிரி டக்கா, அதாவது சொன்ன சொல் தவறாதவர்” என்று மண்டபத்துக்கே விளக்கம் சொன்னார். பந்தியில் பாயசம் தாமதமானபோது சமையல்காரரிடம் கேட்டார்: “இப்ப வருதுன்னு சொன்னேரு. நீரெல்லாம் ஒரு டிம்பிரி டக்காவா வே?” சமையல்காரர் நிஜமாகவே தலைகுனிந்தார். அது மலையாளம் என்று முந்தின நாள் சத்தியம் பண்ணியவர் அவர்.

அகராதிக்காரர்கள் ‘பிறப்பிடம் தெரியவில்லை’ என்று ஒரு குறிப்புப் போடுவார்கள் பாருங்கள்... அந்தச் சொல்லுக்கெல்லாம் பின்னால் என்னைப்போல் ஒருத்தன் மாட்டிக்கொண்டு முழித்திருப்பான் என்பது இப்போது என் சந்தேகம்.

தாலி கட்டி முடிந்ததும் வாழ்த்த மேடையேறினேன். கார்த்திக் கையைப் பிடித்துக்கொண்டான். “காப்பாத்திட்டீங்க சார்.”

செல்வி குனிந்த தலை நிமிராமல் என்னிடம் பேசினாள்.

“சித்தப்பா, அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். ஆய்க்குடியில பிசியோதெரபி வேலையை நான் விட வேண்டாம்னு பொண்ணு பாக்க வந்தப்ப இவரு சொன்னாரு. முந்தாநாள் இவரு அம்மா, ‘அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கிடலாம்’னு சொல்லுதாங்க. இவரு பேசாம நிக்காரு. எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல.”

கார்த்திக் மாலையைச் சரிசெய்தான். சரியாக இருந்த மாலைதான்.

“இப்பத்தான் மாமா மைக்குல சொல்லிட்டாருல்லா” என்றாள் செல்வி. “ஏங்க... நீங்க அதுதான?”

“ஆமா” என்றான் மாப்பிள்ளை. வேறென்ன சொல்ல முடியும்? எதிரே முதல் வரிசையில் மாமா உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த வாரமே செல்வி ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். அந்த ஃப்ளெக்ஸையும் கேட்டு வாங்கிப்போயிருக்கிறாள். மொட்டை மாடியில் அதை விரித்துத்தான் அவள் மாமியார் தினமும் வற்றல் காயப்போடுகிறாராம்... எழுத்து மேலே தெரியும்படி.