கேட்காத கடைசிப் பகுதி

காலை ஏழு நாற்பதுக்கு, கொல்லிமலைத் தோட்டமொன்றில் நான் முதலில் பார்த்தது மூங்கில் ஏணியைப் பிடித்திருந்த இரண்டு கைகளை. அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் ஏணி மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே மனைவி காதில் ஒயர் மாட்டி, போனில் காதல் தொடர்கதை கேட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கதாநாயகன் அவ்வளவு அழகா?” என்று கேட்டேன்.

“அழகு கெடக்குதுங்க. கதாநாயகி ஒண்ணு சொல்ல வந்தா, சொல்லி முடிக்கற வரைக்கும் மொகத்தையே பாத்துட்டிருப்பாருங்க. எங்கூட்டுல, நான் பாதி சொல்றதுக்குள்ள...”

“ஏணிய நேராப் புடி புள்ள!” என்று மேலிருந்து குரல் வந்தது.

“கேட்டீங்களா?” என்று சிரித்தபடி ஏணியை நேராக்கினார்.

“கதை எப்படி முடிகிறது?”

“தெரியலீங்க. கடைசிப் பகுதி வந்து ரொம்ப நாளாச்சு. கேட்டுட்டா கதையோட அவரும் போயிருவாருங்களே.”

ஏணியிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, முதல் பகுதியை மறுபடியும் ஓடவிட்டார்.