கடைசி வரி மட்டும் பாக்கி

போன செவ்வாய்க்கிழமை ஒரு வீரச்செயல் செய்தேன். திருத்தங்கலில் ஒரு பேங்க்கில் ஒட்டியிருந்த போஸ்டரைக் கழற்ற வைத்தேன்.

பேங்க் பேரைச் சொல்ல மாட்டேன். பெரிய பேங்க். மூன்று கவுண்ட்டர், ஒன்றில்தான் ஆள். எனக்கு முன்னால் நின்ற லாரிக்காரர், "மினிமம் பேலன்ஸ் இல்லேன்னு பிடிச்சுட்டீக, மெசேஜ் அனுப்புனதுக்கும் பிடிச்சுட்டீக... இங்கன நிண்டதுக்கும் பிடிப்பீகளா?" என்று கேட்க, லைன் மொத்தமும் சூடாகிவிட்டது. நானும்தான்.

அப்போதுதான் கண்ணில் பட்டது அந்த போஸ்டர். இரண்டு சாத்துக்குடி. ஒன்றில் சின்னதாக ஒரு புடைப்பு. மேலே கொட்டை எழுத்தில், 'பாஸ்புக்கைப் பார்க்கிறீர்கள்... மார்பைப் பார்த்தீர்களா?' புற்றுநோய் விழிப்புணர்வாம். பேங்க் உபயம்.

விழிப்புணர்வு வேண்டாம் என்றா சொல்கிறேன்? அதற்கு சாத்துக்குடிதானா கிடைத்தது? மேனேஜரிடம் போய், "பொம்பளைக வந்துபோற இடம். முதல்ல இதைக் கழட்டுங்க சார்" என்றேன். பாவம், பிடித்த காசைத் திருப்பித் தர அவருக்கு அதிகாரம் இல்லை. போஸ்டரைக் கழற்ற இருந்தது. கழற்றினார். லைனில் யாரோ கைதட்டினார்கள்.

வெளியே பைக்கை எடுக்கும்போது, "அண்ணாச்சி" என்று ஒரு குரல். முத்துமாரி. என் மகள் கல்யாணப் பத்திரிகை அடித்த அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர்.

"அந்த போஸ்டர்ல கீழ, எங்கன போயி காட்டணும்னு போட்டிருந்துச்சே. வாசிச்சீகளா?"

இல்லை. சாத்துக்குடிக்குக் கீழே நான் எதையுமே வாசிக்கவில்லை.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்." சாப்பாட்டுப் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "அதைப் பாத்துட்டுத்தான் வீட்ல போயிப் பாத்தேன். கட்டி தட்டுப்படுது. போஸ்டர் முன்னாடி நிண்டு வாசிச்சா ஆம்பளைக பாப்பாகல்ல? அதான் லைன்ல நிண்டு, நகர நகர வாசிச்சேன். மூணு வாரமா வாரேன். கடைசி வரி மட்டும் பாக்கி."

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய்க் குப்பைத் தொட்டியில் கைவிட்டேன். சுருட்டிப் போட்டிருந்ததைப் பிரித்து, கடைசி வரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அரசு மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை... எல்லாமே இருந்தது. மறுநாளே போய்விட்டு வந்தாராம். ரிசல்ட் இன்னும் வரவில்லை. எனக்கும் அதே நினைப்பாகத்தான் இருக்கிறது.

சீட்டைக் கொடுத்த கையோடு மேனேஜரிடம் போஸ்டரை நீட்டி, "மறுபடி ஒட்டிருங்க சார்" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டினார்.

இன்னும் ஒரு வேண்டுகோள், மேனேஜர் சார் — அந்த லைன் மட்டும் கொஞ்சம் மெதுவாகவே நகரட்டும்.