மூன்றாவது அடியில் ஒரு சுரம்

கமலாவுக்கு நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபிக்கொட்டை பொறுக்கும் வேலை. ஞாயிறு என்றால் காலை பஸ் பிடித்து ஏற்காட்டு மாதா கோயிலுக்கு வந்துவிடுவார். அங்கே பாடற்குழுவில் அவர் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல்.

ஆல்டோவில் ஐந்து பெண்கள். புத்தகத்தைப் பார்த்துச் சுரம் படிக்கத் தெரிந்தவர் கமலா ஒருவர்தான். அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் சனிக்கிழமைதோறும் கோயிலைக் கூட்டித் துடைக்கப் போவார். வேலை முடிந்ததும் பாட்டுப் புத்தகத்தை ஆர்மோனியத்தின்மேல் விரித்து, தெரிந்த பாட்டுக்கு ஐந்து கோட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு சுரப் புள்ளிக்கும் எந்தக் கட்டை என்று ஒற்றை விரலால் தேடுவார். புள்ளி ஏறினால் குரல் ஏறணும், இறங்கினால் இறங்கணும். முதலில் அவ்வளவுதான் விளங்கியது. அடுத்த வருடம், காதால் கேட்டே இராத பாட்டைக்கூடப் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுக்க வந்துவிட்டது. அன்றைக்கு அவர் வெறுங்கோயிலில் தனியாக நின்று சிரித்தாராம்.

பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஆணும் பெண்ணும் நாலு குரலாகப் பிரிந்து பாடும் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். எந்தக் காலத்திலோ வெளிநாட்டில் அச்சான பச்சை அட்டைப் புத்தகம், பன்னிரண்டு பிரதிகள். அதில் இரக்கம் கேட்கிற அடி ஒன்று மூன்று முறை வரும். மூன்றாவது முறை பாடும்போது பாடற்குழு மாஸ்டர் ஆரோக்கியதாஸ் ஆர்மோனியத்தை நிறுத்தினார்.

"ஆல்டோல யாரோ தப்பாப் போறீங்க. மறுபடி பாடுங்க."

மறுபடி பாடினார்கள். கமலா புத்தகத்தில் இருந்ததை அப்படியே பாடினார். மற்ற நால்வரும் ஆர்மோனியத்தைக் கேட்டுப் பாடினார்கள். அந்த ஒரு சுரத்தில் கமலாவின் குரல் மட்டும் எல்லாவற்றோடும் உரசியது.

"கமலா, அந்த எடத்துல உங்களுக்குச் சுருதி நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார் மாஸ்டர். திட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் கமலா வாயை மட்டும் அசைப்பார், குரல் கொடுக்கமாட்டார். ஒரே ஒரு சுரம். அப்படியே பதினேழு கிறிஸ்துமஸ் போனது.

போன ஆண்டு மழையில் புத்தக அலமாரிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பச்சைப் புத்தகங்கள் தொட்டாலே உதிர்ந்தன. புதிதாக அச்சடித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சிவசக்தி அந்த வேலையை ஏற்றுக்கொண்டாள். சங்கீதத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. யூடியூபைப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைக்கப் பழகியிருந்தாள். அழிந்துபோன இடங்களைப் படித்துச் சொல்ல, கமலாவைப் பக்கத்தில் உட்கார அனுப்பினார் மாஸ்டர்.

மூன்றாவது நாள் சிவசக்தி மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க அக்கா, இந்த அடி மூணு வாட்டி வருதுங்களே. மொத ரெண்டுலயும் இந்தப் புள்ளி கோட்டுக்குக் கீழ, சந்துல இருக்குது. மூணாவதுல மட்டும் கோட்டு மேல உக்காந்திருக்குது. மத்ததெல்லாம் அச்சு அசலா ஒண்ணேதானுங்க. இது சரிதானுங்களா?"

கமலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் அடியைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்த்தார். அந்த மூன்று அடிகளையும் அதுவரை அவர் சேர்த்துவைத்துப் பார்த்ததே இல்லை. அங்கே வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வதுதான் அவர் வழக்கம்.

"கண்ணு, அதுக்கு மேல அடிக்காத. நான் வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தார்.

ஆர்மோனியத்துக்கென்று தனியாக அச்சான பெரிய புத்தகம் ஒன்று மாஸ்டரிடம் இருந்தது. அவர் எப்போதும் அதைப் பார்த்துத்தான் வாசிப்பார். இருவரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவது அடியிலும் புள்ளி கோட்டுக்குக் கீழேதான் இருந்தது.

மாஸ்டர் அந்தப் புள்ளிமேல் விரலை வைத்தார்.

"புத்தகத்துல இருந்ததத்தானே நீங்க பாடுனீங்க" என்றார்.

"ஆமாங்க மாஸ்டர்."

"நான் ஒரு தடவகூட உங்க புத்தகத்த வாங்கிப் பாக்கலீங்களே, கமலா. மன்னிச்சுக்கங்க."

"என் தொண்டையிலதான் கோளாறுன்னு நெனச்சிட்டேங்க" என்றார் கமலா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஒத்திகையில் எல்லார் முன்னாலும் மாஸ்டர் அச்சுப் பிழை விஷயத்தைச் சொன்னார். பாட்டு தொடங்கியது. மூன்றாவது அடி வந்ததும் பழக்கதோஷம், கமலாவின் வாய் மட்டும்தான் அசைந்தது. மாஸ்டர் திரும்ப முதலிலிருந்து வாசித்தார். இரண்டாம் தடவை குரல் வந்தது. சின்னக் குரல்தான். ஆனால் நாலு குரலும் அந்த இடத்தில் பொருந்தி நின்றன.

கமலாவின் கணவர் ஜெப்சன், எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீடு திரும்பும்போது, "இன்னிக்கு அந்த எடத்துல நீ நிறுத்தலியே" என்றார்.

கமலா நின்றுவிட்டார். "உங்களுக்குத் தெரியுங்களா?"

"நொம்ப வருசமாத் தெரியும். நீயாச் சொன்னாச் சொல்லுன்னு இருந்துட்டேன்."

கமலா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நடுரோட்டில் அப்படிப் பிடிக்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது.

புதிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் திருத்தத்தைப் பற்றி இரண்டு வரி போட வேண்டும் என்றார் மாஸ்டர். கமலா தன் பேர் வேண்டாம், சிவசக்தி பேரைப் போடுங்கள் என்றார். சிவசக்தி கேட்கவில்லை. இரண்டு பேர் பெயரையும் அச்சில் சேர்த்து, நாற்பது பிரதி எடுத்துவிட்டாள்.

இப்போது சனிக்கிழமை மதியங்களில் கமலா பென்சிலோடு அலமாரி முன்னால் உட்காருகிறார். மற்றப் புத்தகங்களையும் அடி அடியாக ஒப்பிட்டுப் பார்க்கிறார். இதுவரை ஆறு பிழை கிடைத்திருக்கிறது. ஏழாவது என்று குறித்துவைத்திருந்தது பிழையே இல்லை, அந்தப் பாட்டே அப்படித்தான் என்று மாஸ்டர் வாசித்துக் காட்டினார். "அட, ஆமாங்க, இதுதான் நல்லா இருக்குது" என்று சொல்லி, கமலா ரப்பரால் அழித்தார்.