துரை பேசி முடிக்கும் வரை

"பேஸ், நான் கேட்டு. துரை பேசி முடிச்சிட்டாங்களா?"

இடுப்புக்கு மேல் கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த ஒரு மனிதர் ரேடியோவில் என்னிடம் கேட்ட கேள்வி இது. கால் மரக்கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அப்படியும் காப்பாற்றுங்கள் என்று அவர் முதலில் சொல்லவில்லை. துரை, அதாவது எங்கள் தோட்டத்து மேனேஜர், பேசி முடித்துவிட்டாரா என்றுதான் கேட்டார்.

இணையத்தில் கலந்துரையாடல் குழு நடத்துகிற இளையவர்கள், உறுப்பினர்களுக்கு விதிமுறைகளை எழுதிப் போடலாமா வேண்டாமா என்று சண்டை போடுவதைப் பார்க்கிறேன். 'நாகரிகம் தெரிந்தவர்களுக்கு எழுதிப் போட வேண்டுமா?' என்கிறது ஒரு கட்சி. 'எழுதிப் போட்டால் ஒருவரும் பேச வரமாட்டார்கள்' என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியோடும் நான் எண்பதுகளிலேயே குப்பை கொட்டியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

1. பெயர் இல்லாத வேலை

மலேசியாவில், ஜெராமுக்கும் கோலா சிலாங்கூருக்கும் இடையில், கடலை ஒட்டிய ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் ரேடியோ ஆப்பரேட்டராக இருந்தேன். ஆபீசின் பின்பக்க அறையில் பெரிய செட்டு. துரையின் ஜீப்பில் ஒன்று, மில்லில் ஒன்று, குலை ஏற்றும் லோரிகளில் ஒவ்வொன்று. கடலோரத் தண்ணிக் கேட்டில், அதாவது மதகில், காவல் இருப்பவருக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன செட்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சேனல். ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும்.

சேனலில் ஆளை இடத்தின் பெயரால்தான் கூப்பிடுவோம்: தண்ணிக் கேட்டுக்காரர் 'கேட்டு', நடுவில் இருக்கும் செட்டு 'பேஸ்'. அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் அதே பெயர். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் தோட்டத்தில் யாருக்கும் என் சொந்தப் பெயர் ஞாபகமில்லை. என் அப்பா ராசா பக்கத்துத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். அவரும் அம்மாவும் இறந்த பிறகு இங்கே வேலை கிடைத்து வந்தேன். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் ஓர் அறை கொடுத்தார்கள். நாள் முழுக்க ஊரே என் காதில் பேசும். சாயங்காலம் செட்டை அணைத்துவிட்டு அறைக்குப் போனால், சோறு வடிக்கும் சத்தம் மட்டும்தான் இருக்கும். அந்தத் தனிமையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சேனலில் எப்படிப் பேசுவது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பேசி நிறுத்தினால் 'ஓவர்', முடித்துக்கொண்டால் 'அவுட்' என்பது லோரிக்காரர்கள் வழியாக ஒட்டிக்கொண்டது. எழுதாத ஒரு விதியும் இருந்தது. துரையின் குரல் வந்துவிட்டால் மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் 'அவுட்' சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். தோட்டத்துச் சாலையில் துரையின் வண்டி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அது கடந்து போகும் வரை ஓரமாக நிற்பார்கள். அந்தப் பழக்கம் அப்படியே ரேடியோவுக்குள்ளும் ஏறிவிட்டது. பழைய துரைக்கு அது தெரியும். வேலை முடிந்ததும், "சரி, நீங்க பேசிக்குங்க, அவுட்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

அவர் ஓய்வு பெற்றுப் போனார். புதிய துரை பினாங்குக்காரர், தமிழர், டவுனில் வளர்ந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் தன்னைப் பார்த்து எத்தனை பேர் சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

2. சும்மாத்தான்

தண்ணிக் கேட்டில் இருந்தவர் ஆறுமுகம் அண்ணன். கடல் இறங்கும்போது கேட்டைத் தூக்கி மழைத்தண்ணீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறுவதற்குள் கைப்பிடியைச் சுற்றிப் பலகையை இறக்கி அடைக்க வேண்டும். தவறினால் உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாக உள்ளே வந்து இளங்கன்றுகளைக் கருக்கிவிடும். கடலோர லயத்து வீடுகளுக்குள்ளும் புகுந்துவிடும். அண்ணன் மனைவியை இழந்தவர், ஒரே மகள் ரவாங்கில் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டாள். கேட்டுக்குப் பக்கத்திலேயே தோட்டம் கொடுத்த ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். சுற்றிலும் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு. குரங்குகளையும் நண்டுகளையும் தவிர அவருக்கு அண்டை வீடு கிடையாது.

சாயங்காலம் லோரிகள் ஓய்ந்த பிறகு கூப்பிடுவார்.

"பேஸம்மா, நான் கேட்டு. சும்மாத்தான். ஓவர்."

"சொல்லுங்கண்ணே."

"இன்னிக்கு ஒரு கொரங்கு என் ரொட்டியத் தூக்கிட்டுப் போயி, பிடிக்கலன்னு திருப்பி வீசிட்டுப் போச்சு. எந்தக் கடையில வாங்கினேன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு."

அந்த ரொட்டிக் கடை லோரி டிரைவர் ஹனிபாவின் அண்ணனுடையது. டவுனில் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கடையும் உண்டு. உடனே ஹனிபா குறுக்கே வருவார்: "அண்ணே, அங்க நண்டு பிடிக்கிறீங்களா, கதை பிடிக்கிறீங்களா?" மில்லில் யாரோ சிரிப்பார்கள். அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பெரிய கிராணிக்கு, அதாவது தலைமை குமாஸ்தாவுக்கு, இது ஆகாது. "செட்டு என்னா கோப்பிக்கடையா?" என்று என் அறை வாசலில் வந்து நிற்பார். பேசக்கூடாது என்றும் சொல்லமாட்டார், பேசலாம் என்றும் சொல்லமாட்டார். முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போவார்.

3. யாரும் பேசாத சாயங்காலம்

அன்று மத்தியானத்துக்குப் பிறகு புதிய துரை சேனலில் வந்தார். ஒரு லோரி மில்லுக்குப் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். மைக்கை மாட்டிவிட்டு ஜீப்பை விட்டு இறங்கி, செம்பனைக்குள் நடந்து போய்விட்டார். 'அவுட்' சொல்லவில்லை.

சேனல் அப்படியே உறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்து, "சார், முடிஞ்சதுங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை. பேஸே கேட்டும் துரை பதில் சொல்லவில்லை என்றதும், ஏதோ முக்கியமான காரியம் போலிருக்கிறது என்று மற்றவர்கள் இன்னும் கெட்டியாக வாயை மூடிக்கொண்டார்கள். லோரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து ஆபீசில் நேரில் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவருக்கும் இது விசித்திரமாகத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் கேட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வந்து மாட்டியிருக்கிறது. பலகை பாதியிலேயே நின்றுவிட்டது. கடல் ஏறத் தொடங்கிவிட்டது. இரண்டு ஆட்கள் கம்பி போட்டு நெம்பினால் தீர்ந்துபோகிற வேலை. ஆறுமுகம் அண்ணன் செட்டைக் கையில் எடுத்திருக்கிறார். துரை இன்னும் முடிக்கவில்லையே என்று திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். எடுப்பதும் மாட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் போயிருக்கிறது. பிறகு தானே தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். கட்டை புரண்டு அவர் காலைக் கேட்டின் சட்டத்தோடு வைத்து அழுத்திவிட்டது.

தண்ணீர் இடுப்பைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"முடிச்சிட்டாங்கண்ணே, சொல்லுங்க" என்றேன். துரை முடித்தாரா இல்லையா என்று எனக்கும் தெரியாது. குரலில் இருந்த நடுக்கம் மட்டும் தெரிந்தது.

"கால் மாட்டிக்கிச்சும்மா. தண்ணி ஏறுது. ரெண்டு பேர அனுப்ப முடியுமா? அவசரம்னு இல்ல... கொஞ்சம் அவசரம்தான்."

ஹனிபாவின் லோரிதான் பக்கத்தில் இருந்தது. நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் வண்டியைத் திருப்பிவிட்டார். லோரியில் இருந்த ஆட்கள் குலை ஏற்றும் இரும்புக் கம்பிகளோடு குதித்து, கட்டையை நெம்பி அவரை இழுத்தபோது தண்ணீர் அவர் மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்ததாம், செட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாராம். அதுவரை நான் மைக்கை விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். குரங்கு ரொட்டியை வீசிய கதையை அவருக்கே திருப்பிச் சொன்னேன். வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

4. யார் போட்ட ரூல்

ஆறுமுகம் அண்ணன் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இங்கே கேட்டோரக் கன்றுகள் கருகிப் போயிருந்தன. துரை கூட்டம் போட்டார்.

"கையில செட்டு இருந்தும் கூப்பிடல. திஸ் இஸ் நெக்லிஜென்ஸ். ஆள மாத்திடலாம்" என்றார். வேலை போனால் அந்த வீடும் போகும். காலொடிந்த மனிதர் எங்கே போவார்?

பெரிய கிராணி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த விதி நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"சார், நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. அதான் அவரு கூப்பிடல."

"நானா? ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்லா."

"அவுட் சொல்லல சார். நீங்க அவுட் சொல்ற வரைக்கும் இங்க யாரும் பேசமாட்டாங்க."

"அப்படி ஒரு ரூல் யார் போட்டா?"

"யாரும் போடல சார். எழுதியிருந்தா நீங்க படிச்சிருப்பீங்க. தப்புன்னு அடிச்சிருப்பீங்க. எழுதாத ரூல யாரு அடிக்க முடியும்?"

துரை பெரிய கிராணியைப் பார்த்து, "இது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறுமுகம் அண்ணனின் வேலை தப்பியது.

5. முதல் போர்டும் இரண்டாவது போர்டும்

எல்லா செட்டுக்குப் பக்கத்திலும் விதிகளை எழுதி மாட்டச் சொன்னார் துரை. எழுதியவர் பெரிய கிராணி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தேவையில்லாமல் பேசாதே, சிரிக்காதே, குறுக்கே பேசாதே, சொந்த விஷயம் பேசாதே. எல்லாம் கூடாதுதான். எது தேவை, எது தேவையில்லை என்று ஒரு வரிகூட இல்லை.

சேனல் சுத்தமாகிவிட்டது. சாயங்காலமும் சுத்தமாகிவிட்டது. ஆறுமுகம் அண்ணன் கால் தேறி, தடி ஊன்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். "கேட்டு மூடியாச்சு. ஓவர் அண்ட் அவுட்." அவ்வளவுதான் பேசுவார். நானும் "சரி" என்பேன். முன்பெல்லாம் அறைக்குப் போன பிறகுதான் தனிமை. இப்போது செட்டின் முன்னாலேயே வந்துவிட்டது. இனி அவர் கால் மாட்டிக்கொண்டால், அது தேவையான பேச்சா இல்லையா என்று யோசித்துக்கொண்டே மூழ்கிவிடுவார் என்று பயமாகவும் இருந்தது.

துரையிடம் போய், "சார், இந்த போர்டுல பேசாதேன்னு இருக்கு. எப்ப பேசலாம்னு இல்ல" என்றேன்.

"அப்ப நீயே எழுதும்மா" என்றார்.

எழுதினேன். ஆபத்து என்றால் யார் பேச்சிலும், துரை பேச்சிலும்கூட, குறுக்கே வரலாம். பேசி முடித்தவர், துரையானாலும், அவுட் சொல்ல வேண்டும். லோரி ஓடும் நேரத்தில் வேலைப் பேச்சு மட்டும். லோரி ஓய்ந்த பிறகு சும்மாவும் பேசலாம். கடைசி வரி: யார் கூப்பிட்டாலும், அது காதில் விழுந்தவர் பதில் சொல்ல வேண்டும். 'சும்மாவும் பேசலாம்' என்ற வரியைப் பார்த்துப் பெரிய கிராணி பெருமூச்சு விட்டார். துரை கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போர்டு மாட்டிய அன்று சாயங்காலம் கேட்டிலிருந்து குரல் வந்தது. "பேஸம்மா, துரை பேசி முடிச்சிட்டாங்களா?" கிண்டல்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

6. கூப்பிட்டால்

சில வருஷம் அப்படியே ஓடியது. பிறகு மகள் வற்புறுத்தி அவரை ரவாங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கேட்டுக்குப் புதிய ஆள் வந்தார், அதிகம் பேசாதவர். ஆறுமுகம் அண்ணன் போன அன்று, லோரிகள் ஓய்ந்த பிறகும் நான் செட்டை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அத்தனை வருஷத்தில் சும்மா பேச நானாக ஒருவரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவது அவர்கள், பதில் சொல்வது நான். மைக்கை எடுத்தேன்.

"பேஸ் கூப்பிடுறேன். யாராச்சும் இருக்கீங்களா? ஓவர்."

இரைச்சல் மட்டும் வந்தது. அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

"ஹனிபா. ஜெராம் ரோட்டுல இருக்கேன். சொல்லுங்க பேஸ்."

"ஒண்ணுமில்லண்ணே. வீட்டுக்குப் போற நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேன்."

"அதெல்லாம் இல்லலா. கூப்பிட்டா பதில் சொல்லணும்னு போர்டுல போட்டிருக்குல்ல."

குழு நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விதியை எழுதிப் போடுங்கள். பேசக்கூடாததை மட்டும் எழுதாமல், பேசலாம் என்பதையும் எழுதுங்கள். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். அன்று ஹனிபா அண்ணன் என் மேல் இருந்த அக்கறையால் பதில் சொன்னாரா, போர்டில் இருந்ததால் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. விதிக்காகத்தான் என்றாலும் அன்று எனக்கு அது போதுமாயிருந்தது.

"சும்மாத்தான் கூப்பிட்டேன்" என்றேன்.