கட்டைக்கால் எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

2024 ஒக்டோபர் 16, புதன்கிழமை, காலை பத்து இருபது. மழை விட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பேராதனை வீதியில் புதிதாகத் திறந்த கோப்பிக் கடையின் பெயர்ப்பலகைக்கு முன்னால், கிளினிக்குக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தையும் மறந்து நின்றுவிட்டேன். ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றின் காலடியிலும் செங்கல் வைத்தாற்போலத் தடித்த சதுரப் பாதம்.

அந்தக் காலத்தில் இதைக் கட்டைக்கால் எழுத்து என்போம். மற்ற எழுத்துகளின் பாதம் மெலிந்து கூராக முடியும். இதற்குத் தண்டும் பாதமும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. மட்டமான தாளிலும் உடையாது, வீதிக்கு அந்தப் பக்கமிருந்தே வாசிக்கலாம். சர்க்கஸ், உதைபந்தாட்டம், தைலம், எந்த நோட்டீசிலும் அதுதான். கந்தோரில் நான் தட்டிய டைப்ரைட்டரின் எழுத்து அதன் ஒல்லித் தம்பி. ஒடிசலான ஆங்கில 'i' எழுத்துக்கும் அகலப் பாதம் வைத்து, பக்கத்து எழுத்துக்குச் சமமாக இடம்பிடிக்கும். ரிபன் மணத்தோடு நாள் முழுக்க அதையே பார்த்ததில் ஒரு பிரியம்.

பிரியம் முற்றி, என் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தையும் கட்டைக்காலில் அடிக்கச் சொன்னேன். மஹய்யாவையில் அச்சகம் நடத்திய யாழ்ப்பாணத்து ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி பொம்பிளை எடுக்கப் போறீரோ, பஸ் விடப் போறீரோ?"

நிலத்தில் ஊன்றி நிற்கிற எழுத்து, குடும்பத்துக்கு நல்லது என்று விளக்கம் வேறு கொடுத்தேன். இருநூறு பத்திரிகை.

கெலிஓயாவில் மாமனார் பத்திரிகைக் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். மகள் தேவகியின் பெயரை விரலால் தொட்டார். கவிழ்த்து வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். இதைக் கொடுத்தால் கல்யாணமே வேண்டாம் என்றார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாததுதான் குற்றமோ என்று கேட்டேன்.

"மஞ்சள் கெடக்கட்டும் மாப்ள. நம்ம கடை ஏலத்துக்கு வந்தப்ப கதவுல ஒட்டுன நோட்டீஸு இதே எழுத்துதான். ஊரே நின்னு படிச்சிச்சு. இதுல எம் மக பேரா?"

கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

இரண்டாம் தடவை மெல்லிய எழுத்து. தேய்ந்த அச்சு, ஆங்கிலத்தில் தேவகியின் பெயரில் வரும் சின்ன 'e' குறுக்குக்கோடு விழாமல் இருநூறிலும் 'c' ஆகிப்போனது. நான் பதறினேன். மாமா கண்ணருகே பிடித்துப் பார்த்து, இப்போதுதான் கல்யாணக் களை வந்திருக்கிறது என்றார். தாமே மஞ்சள் தடவி, கெலிஓயாவில் வீடு வீடாகக் கொடுத்தார்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். ஐயா இல்லை, மாமா இல்லை, தேவகி போய் ஆறு வருடம். அந்த எழுத்தைக் கண்டு முகம் கறுக்கிறவர் இனி ஒருவரும் இல்லை. இரண்டாம் தடவைக்கு ஐயா தாள் காசு மட்டும்தான் எடுத்தார். அப்படியும் பஸ் காசோடு சேர்த்து எனக்குச் செலவு நாற்பத்தேழு ரூபா ஐம்பது சதம்.